நானூறு கிராம்

தராசு ஐம்பத்தொன்பது புள்ளி நான்கு என்றது.
வரைபடத்தில் ஐம்பத்தொன்பது.
பெஹ்ராம் சேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இறக்கி மறுபடி ஏற்றச் சொன்னார்.
மறுபடியும் அதே நான்கு.
ரெசின் கூடிப்போயிருக்கும், இது இஸ்ராஃபில்.
மழைக்காலத்து ஈரம், இது பெயின்டர்.
நான் கையைச் சொறிந்துகொண்டிருந்தேன்.
கண்ணாடி நார் வெட்டுகிறவன் எப்போதும்
சொறிந்துகொண்டுதான் இருப்பான்,
அதனால் அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

பாய்மரம் வந்து உட்காரும் குழிக்கடியில்
கணக்குப்படி ஐந்து அடுக்கு.
ஆறாவதை நான் வைத்தது ஒரு வியாழன் இரவு,
தாருகானாவில் கரன்ட் போய்த் திரும்பிய இடைவெளியில்.
ஏன் என்று கேட்டால் பதிலில்லை.
எனக்கு நீச்சல் தெரியாது.
வேண்டுமானால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்று கொலாபாவில் சாமந்தி, பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
'ஒற்றை ஆள் பந்தயப் படகு, நம் ஊரிலேயே பிறந்தது'
என்று மைக்காரர் மூன்று மொழியில் சொன்னார்.
இறக்க இரண்டு பேர் போதும்.
போட்டோவுக்காக ஒன்பது பேர் பிடித்தோம்.
படகின் மூக்கிலேயே தேங்காய் உடைக்க ஓங்கினார் புரோகிதர்;
சேட் அலறிக்கொண்டு குறுக்கே விழுந்தார்.
கடைசியில் டிராலிச் சக்கரத்தில் உடைந்தது.
ஒரு சில்லு என் செருப்பில்.

பதினொன்றுக்கு வரவேண்டிய சிறப்பு விருந்தினர்
பன்னிரண்டே முக்காலுக்கு வந்தார்.
அதற்குள் கடல் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.
பாசிப் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து
எங்களோடு நின்று பேச்சைக் கேட்டன.
ஜாக்ருதி தாண்டேல் கேட்கவில்லை.
முழங்காலில் டேப் சுற்றியபடி
தண்ணீர்மேல் காற்று இழுத்த கறுப்புச் சொரசொரப்புகளை
எண்ணிக்கொண்டிருந்தாள்.

பாய் ஒருமுறை உதறியது. நிறைந்தது.
அவ்வளவுதான், படகு எங்களுடையதாக இல்லை.
எட்டு மாதம் உள்ளங்கையால் தேய்த்த அடிவயிறு
வெயிலில் ஒரு கணம் தெரிந்து மறைந்தது.
வாரில் பாதம் மாட்டி, விளிம்புக்கு வெளியே,
முதுகு தண்ணீரை உரச மல்லாந்துகொண்டு
வானத்தைப் பார்த்தே ஓட்டினாள்.
நான் குழியைப் பார்த்தேன்.
அவ்வளவு தூரத்தில் குழி தெரியாது.
பார்த்தேன்.

பிறகு வேண்டுமென்றே கவிழ்த்தாள்.
சோதனையில் அதுவும் உண்டு:
தனியாகக் கவிழ்த்து, தனியாக நிமிர்த்த வேண்டும்.
விருந்தினரிடம் யாரும் சொல்லி வைக்கவில்லை.
மைக்காரர் இம்முறை ஒரே மொழியில் கத்தினார்.

நிமிரவில்லை.
ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வடிந்த தண்ணீர்;
தலைகீழாய்ப் போன பாய்மரம் சேற்றில் ஊன்றிக்கொண்டது.
நடுப்பலகையில் ஏறி நின்று கயிற்றோடு பின்னால் சாய்ந்தாள்.
விட்டாள்.
மறுபடி.
அவள் எடை, அலையின் தள்ளு, சேற்றின் பிடி,
எல்லாம் இப்போது ஒரு டம்ளர் வாயளவு இடத்தில்.
ஐந்து.
ஆறு.
என் வாயெல்லாம் ரெசின் வாசனை.

முதலில் பாயின் ஓரம், அப்புறம் நீர் கொட்டக் கொட்ட
மரம் முழுசாக, வளையாமல்.
நுனியில் ஒரு கை மும்பைச் சேறு.
கைதட்டினார்கள்.
விருந்தினர் தானே ஏற்பாடு செய்ததுபோல் தலையசைத்தார்.

கரையேறி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்:
'நல்லா ஓடுது. முன்பக்கம் கொஞ்சம் கனம்.'
சேட் திரும்பி, முதல்முறையாக,
என் கையை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தார்.
'அடுத்ததில் சரிபண்ணிடலாம்' என்றேன்.

ராத்திரி லோக்கலில் ஜன்னலோரம் கிடைத்தது.
நோட்டைப் பிரித்து இரண்டாம் படகுக்கு நார் கணக்கு எழுதினேன்.
அடிப்பாகம், பக்கங்கள், பின்பலகை.
குழிக்கு என்று எழுதி
பென்சிலை எடுக்காமல் வைத்திருந்தேன்.
நிமிர்ந்தபோது
சயான் போய் குர்லா வந்துவிட்டிருந்தது.